சங்கு குளிப்பவர்களின் காது

3 பிப்ரவரி 1975, திங்கள்
வாடைக் காற்று. நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம். மனுவை இரக்கம் வரும்படி எழுதுவதா, நியாயம் கேட்டு எழுதுவதா? எனக்குத் தெரியவில்லை. இரண்டுமே பலித்து நான் பார்த்ததில்லை.

விஷயம் இது. வீட்டு வேலைக்கு வரும் ரோசம்மாளின் தம்பி மிக்கேல். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. பல வருடமாகச் சங்கு குளிக்கிறவன். புதிதாக வந்த மீன்துறை அதிகாரி கரையில் பெயர் கூப்பிட்டிருக்கிறார். இவன் கடலைப் பார்த்து நின்றிருக்கிறான். டோக்கனைப் பிடுங்கிக்கொண்டார். டோக்கன் இல்லாதவனை வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள்.

ரோ.: "செவிட்டுப் பயலுக்குக் கடல்ல என்ன சோலின்னு கேட்டாவளாம், டீச்சர். தண்ணிக்குள்ள இவன்ட்ட யாரு வந்து பேசப்போறா?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மண்ணெண்ணெய், சிவப்பு மை வாங்க வேண்டும்.

4, செவ்வாய்
தர்க்க வகுப்பு. பாதிப் பேர் தூக்கம்.

மனுவின் முதல் வரைவைக் கிழித்தேன். 'பரிதாபத்துக்குரிய' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். வெட்கம்.

மாலை மிக்கேலை ரோ. கூட்டி வந்தாள். நீருக்கடியிலிருந்து எப்படிச் சொல்வாய் என்று சைகையில் கேட்டேன். கயிற்றை இருமுறை இழுப்பதுபோல் காட்டினான். மேலே தூக்கு என்று அர்த்தம். எல்லோருக்கும் அதே சைகைதான், காது கேட்பவனுக்கும். அதை அப்படியே எழுதினேன். கேட்டது மிகச் சிறியது: பெயர் கூப்பிடும்போது தோளைத் தொடுங்கள், அல்லது டோக்கன் எண்ணைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

ரோ. இன்னொன்றும் சொன்னாள். "எங்க வீட்டு ஆளுக்கே பாதிதான் கேக்கும். குளிச்சிக் குளிச்சி காது போயிட்டு. சோறு திங்க வரச்சொல்லி நாலு மட்டம் கத்தணும்."

கடைசிப் பத்தி கிடைத்தது. 'ஆழத்தில் குளித்துப் பலருக்குக் காது மந்தம். அவர்களை யாரும் நிறுத்தவில்லை. இவனை மட்டும் ஏன்?' மறுக்க முடியாத வாதம். நம்பிக்கை மட்டும் இல்லை.

6, வியாழன்
கல்லூரிக்கு அரை நாள் லீவு. ஆபீஸ் பெஞ்சில் காத்திருப்பு. காத்தாடி ஓடவில்லை.

குமாஸ்தா: "அவன் உங்களுக்கு என்ன உறவு மேடம்?"
"ஒன்றுமில்லை."
"பெறவு எதுக்கு இந்த வெயில்ல?"

அதிகாரி மரியாதையானவர். பொறுமையாகப் படித்தார். கடைசிப் பத்தியில் நின்று பென்சிலால் கோடு போட்டார். "நல்ல பாயிண்ட் மேடம். இது என் கவனத்துக்கே வரல. நாளைக்கே கவனிக்கிறேன்."

ரோ.விடம் சொன்னேன். "மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்குத் தலைவலி. ரசம் மட்டும்.

7, வெள்ளி
ரோ. தாமதமாக வந்தாள். கண் வீங்கியிருந்தது.

காலையில் நடந்தது: அதிகாரி ஒரு டாக்டரோடு கரைக்கு வந்திருக்கிறார். குளிக்கிறவர்கள் எல்லோரையும் கடலைப் பார்க்க நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் நின்று டாக்டர் கைதட்டினாராம். திரும்பாதவர்களிடம் டோக்கனை வாங்கிக்கொண்டார்கள். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் போயிற்று. ரோ.வின் கணவர் சேசையாவுக்கும். மிக்கேலுக்குத் திருப்பித் தரவில்லை.

பாத்திரம் தேய்த்தபடி, என்னைப் பார்க்காமல்: "ஒரு ஆளுக்குத்தான டீச்சர் எழுதச் சொன்னேன்."

பையை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினேன்.

வகுப்பு முடிந்து கடற்கரைக்குப் போனேன். டோக்கன் போனவர்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள், மிக்கேலும். சேசையா அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, உரக்க: "ஏலே மிக்கேலு, இனி நாங்களும் ஒன் கூட்டந்தாம்ல!" கேட்டவர்கள் சிரித்தார்கள். மற்றவர்கள் என்ன என்ன என்றார்கள். முகங்களைப் பார்த்து அவனும் சிரித்தான்.

என்னைக் கண்டதும் எழுந்து வந்தான். கயிற்றை இழுப்பதுபோல் இரண்டு முறை காட்டினான்.

வீட்டுக்கு வந்துவிட்டேன்.