ஒரே எண்ணில் இரண்டு குரல்கள்

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

வேலையில் ஒரு சின்னக் குழப்பம், இப்போது சரியாகிவிட்டது. மருந்துக் கிடங்கில் குளிர் குறைந்தால் கம்பியில்லாமல் தகவல் அனுப்பும் சென்சார்களை நான்தானே பார்த்துக்கொள்கிறேன்? போன வாரம் தடுப்பூசிப் பெட்டிகளைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தன. திரையிலோ எல்லாம் சரி என்றே காட்டியது. துருவிப் பார்த்ததில், ஒரே எண்ணில் இரண்டு சென்சார்கள் பேசுவது தெரிந்தது. பழுதான குளிர்பதன இயந்திரத்தை மறைக்க யாரோ குழாய்க்குப் பின்னால், எப்போதும் குளிர் சரி என்றே சொல்லும் ஒரு போலியை ஒட்டியிருந்தார்கள். அதை எங்கள் கணினியோடு சேர்க்க ரகசியச் சொல் வேண்டும். அது எனக்கும், என்னோடு வேலை பார்த்து என் அறையிலேயே தங்கியிருந்த தோழிக்கும் மட்டும்தான் தெரியும்; முடியைப் பார்த்து நாங்கள் சுருட்டை என்று கூப்பிடுவோமே, அவள்தான்.

அவளிடமே கேட்டேன்.

"சூப்பர்வைசர் அந்த பாஸ்வேர்டைக் கேட்டாருடி, குடுத்துட்டேன். ரெண்டு நாள்ல மெஷினை சரி பண்ணிடறேன்னாரு, நம்பிட்டேன். நீ சொல்லிடாத, என் வேலை போயிடும்."

"பாதிப் பெட்டி வெளிய போயாச்சுடி. குழந்தைங்களுக்குப் போடற ஊசி."

நான் மேலாளரிடம் சொல்லிவிட்டேன். வெளியே போன பெட்டிகள் ஊசி போடும் முன்பே திரும்பிவிட்டன. சூப்பர்வைசரையும் அவளையும் வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அறையைக் காலி செய்து கிளம்பும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் செய்தது சரிதானே அப்பா?

முடிந்தால் ஒரு பூட்டு வாங்கி அனுப்புங்கள். என் துணிப்பெட்டியின் இன்னொரு சாவி அவளிடம் இருக்கிறது. அவள் எதையும் தொடமாட்டாள், ஆனாலும் அனுப்புங்கள். வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது. அம்மாவிடம் இதெல்லாம் சொல்லவேண்டாம்.

உங்கள் மகள்