கட்டிலில் காயும் கிண்ணங்கள்

3.11.86, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. பத்து மணிக்கும் விளக்குப் போட்டுத்தான் கடைசல் லேத்தில் நிற்க வேண்டியிருந்தது. கொட்டச்சேடு ரோட்டில் போன வாரக் காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் மரம். ரோடு ஆட்கள் அறுத்து ஓரமாகத் தள்ளியதில் எட்டுத் துண்டு ஜீப்பில் ஏற்றி வந்திருக்கிறேன். நல்ல பச்சை. உளி வைத்ததும் முகத்தில் தண்ணீர் தெறிக்கிறது.

முடித்தது: பெரியது 2, நடுத்தரம் 3. ஒன்று நடுவில் பிளந்தது, அடுப்புக்கு. எல்லாம் இரண்டு விரல் கனத்தில், முரடாகத்தான். ஆறு மாதம் காய்ந்து, கோணுவதெல்லாம் கோணி முடித்தபின் மறுபடி கடைந்தால்தான் கிண்ணம். மே சீசனுக்கு லாட்ஜ்காரர் நாற்பது கேட்டிருக்கிறார்.

இந்த மரத்தூள் பட்டால் எனக்கு அரிப்பு. கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டேன். முதுகு எட்டவில்லை.

நேற்று கல்லறைத் திருநாள். அணைந்த மெழுகுவத்தித் துண்டுகளைச் சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை ஒரு டால்டா டப்பா நிறையக் கொடுத்தார். உருக்கி மேலே பூசினால் வெடிப்பது குறையும். "செத்தவங்களுக்கு ஏத்துனதுங்க, இனி உங்க மரத்துக்கு" என்றார். இரண்டு நாளில் நான் பேசியது அவர் ஒருவரிடம்தான்.

4.11, செவ்வாய்

ரெஜினா கடிதம். மருமகள் பிரசவத்துக்கென்று ஜூலையில் பெங்களூருக்கு, மகன் வீட்டுக்குப் போனவள். நாற்பது நாளில் வருகிறேன் என்றாள். நாலு மாதமாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வரப் பார்க்கிறாளாம். சொந்த வீட்டுக்கு வரப் பெண்டாட்டிக்கு இவ்வளவு யோசனை.

பட்டறையை மூடிவிட்டு அங்கே வரச் சொல்லி மறுபடியும் ஒரு பக்கம். முடியாது. முப்பது வருடம் எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் அடுத்தவன் சொன்னதைக் கடைந்தேன். இப்போதுதான் எனக்குப் பிடித்ததைக் கடைகிறேன்.

பேத்தி போட்டோ இருந்தது. என் மூக்கு. பாவம்.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடையை மாற்றிவிட்டேன். பழைய கடையில் தினமும் ஒரே கேள்வி: "அக்கா எப்பங்க வர்றாங்க?"

6.11, வியாழன்

மழை. கட்டிலுக்கு அடியில் இடம் தீர்ந்தது. இந்த வீட்டில் காற்றும் வெயிலும் புகாத அறை படுக்கையறை ஒன்றுதான். சமையலறையில் வைத்தால் அடுப்புச் சூட்டில் வெடித்துவிடும். அதனால் மீதியைக் கட்டில் மேலேயே சுவரோரமாக அடுக்கினேன், ரெஜினா படுக்கும் பக்கம். கீழே மரச்சீவல், மேலே அவளுடைய கம்பளி. பதினெட்டு.

சொன்னால் சிரிப்பார்கள். காலியாகக் கிடந்ததற்கு இது தேவலை. புரண்டால் கையில் ஏதோ படுகிறது.

பழைய கிண்ணங்கள், காயக் காயக் குறையும் எடை:
எண் 4 – 1.310 கிலோ இருந்தது, இன்று 1.190
எண் 7 – 980 கிராம், இன்று 915
எண் 11 – குறையவே இல்லை. தராசு சரியில்லை, அல்லது என் கண்.

8.11, சனி

கடைக்குப் போய்விட்டு வந்தால் வாசலில் ரெஜினாவின் செருப்பு. கடிதமில்லை, தகவலில்லை. மூன்று மணி பஸ்ஸாம்.

"நொம்ப எளச்சுட்டீங்க. காப்பி வெக்கட்டுங்களா?" என்றாள், நேற்றுத்தான் போனவள் மாதிரி. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. "வெய்யி" என்றேன்.

சேலை மாற்ற உள்ளே போனாள். வெகுநேரமாக வரவில்லை. போய்ப் பார்த்தேன். கம்பளியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு எடமில்லீங்களா?"

கையைப் போட்டு நாலு கிண்ணத்தை நகர்த்தியிருந்தால் போதும். நான் சொன்னது:

"பச்சை மரம் புள்ள. ஆறு மாசத்துக்கு அசைக்கக் கூடாது."

லாட்ஜ்காரரிடம் சொல்கிற மாதிரியே சொன்னேன். மடையன்.

"செரிங்க" என்றாள். கம்பளியை மறுபடி போர்த்தி, நாலு ஓரமும் செருகிவிட்டாள். பாயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

9.11, ஞாயிறு

பூசைக்குச் சேர்ந்து போனோம். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் பேத்தி குப்புற விழுந்த கதை. என்னிடம் உப்பு சரியா என்று கேட்டதோடு சரி.

மதியம் நான் முதுகைக் கதவில் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு எண்ணெயோடு வந்தாள். கேட்காமலே. தடவிக்கொண்டே சொன்னாள்: "அங்க இருக்க முடியலீங்க. இங்கயே இருந்துக்கலாம்னுதான் வந்தேன்."

இதைக் கேட்கத்தான் நாலு மாதமாகக் காத்திருந்தேன். பேசாமல் குனிந்து உட்கார்ந்திருந்தேன். முகம் அவளுக்குத் தெரியாதே. வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள் போல. டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

10.11, திங்கள்

முதல் பஸ்ஸில் போய்விட்டாள். "பாப்பாவுக்கு ஊசி போடோணுங்க" என்றாள். பையை நான்தான் ஏற்றிவிட்டேன். "சேலம், சேலம், உள்ள போங்க" என்று கண்டக்டர். ஜன்னலில் அவள்: "வேளா வேளைக்குத் தின்னுங்க." இரு என்று சொல்ல பஸ் கிளம்பும்வரை நேரம் இருந்தது. சொல்லவில்லை.

வந்ததும் பதினெட்டையும் வாரிக்கொண்டுபோய் சமையலறையில் போட்டேன், அடுப்புப் பக்கம். வெடித்தால் வெடிக்கட்டும். சீவலைக் கூட்டினேன். கம்பளியை உதறி மடித்தேன்.

கடிதம். அவளுக்கு எழுதிய முதல் இன்லண்டு முழுக்க மழையும் மிளகு விலையும். கிழித்தேன். இரண்டாவதில் பட்டறைக்கு நியாயம் பேசியிருந்தேன். கிழித்தேன். மூன்றாவதில் இவ்வளவுதான்: "ரெஜினா, கட்டிலைக் காலி செய்துவிட்டேன். அன்றைக்கே செய்திருக்க வேண்டும். நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. வந்துவிடு." முப்பத்திரண்டு வருடத்தில் அவளுக்கு இப்படி எழுதியதில்லை. திரும்பப் படித்தால் இதையும் கிழிப்பேன் என்று உடனே ஒட்டி, தபால்பெட்டியில் போட்டுவிட்டேன்.

13.11, வியாழன்

ஒன்பது கிண்ணம் வெடித்துவிட்டது. வருத்தமாக இல்லை, ஆச்சரியம்தான். பதிலுக்கு இன்னும் நாள் ஆகும். தெரிந்தும் கேட் வரை போய் வந்தேன்.

15.11, சனி

தபால்காரர் எதிர்வீட்டோடு திரும்பிவிட்டார். "உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க."

17.11, திங்கள்

பனி விலகி நல்ல வெயில். சில்வர் ஓக் இன்னும் இரண்டு துண்டு பாக்கி. இன்று கடையாவிட்டால் பிளந்துவிடும். கடையவில்லை. பதினோரு மணி, தபால் வரும் நேரம். லேத் ஓடினால் தபால்காரர் கூப்பிடுவது கேட்காது.