கம்பிவேலிக்கு அப்பால் வைத்த சோறு

அக்கா,

இன்று காலை எதிர்வீட்டுச் சீனர் செங்கின் வீட்டுப் பின்பக்க வாய்க்காலில் ஒரு கானாங்கோழி கத்தியது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றா சொன்னேன்? தொண்ணூறை நெருங்குகிறவள் ஓடுகிற ஓட்டம்தான். படத்தில் புல் மட்டும் விழுந்திருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பீர்கள்.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் நம் ரப்பர் தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். நான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுக்கு வந்த புது மருமகள். நீங்கள் பக்கத்து வீட்டில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரின் மனைவி. ஒரு பிடி சோறு வேலியைத் தாண்டினாலும் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறது என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். எல்லாரும் பயந்து ஒடுங்கிக் கிடந்தபோது, உங்களுக்கு மட்டும் வேலிக்கு வெளியே நடமாடிய கானாங்கோழியைப் படம் பிடிக்க வேண்டும். அது ஏன் வாலைத் தூக்கித் தூக்கி நடக்கிறது என்று என்னை வேறு கேட்டுக்கொண்டிருப்பீர்கள். எனக்கு எப்படித் தெரியும்?

உங்கள் பெட்டிக் கேமராவுக்குப் பறவை கிட்டத்தில் வந்தால்தான் உண்டு. ஓர் அமாவாசை மதியம், காக்காவுக்கு வைத்த சோற்றில் ஒரு பிடி அள்ளி, கம்பிக்கு நடுவே கையை விட்டு அந்தப் பக்கம் வைத்தீர்கள். "காக்கா கோச்சுக்காதுலா," என்றீர்கள். கொடியில் காய்ந்த புடவைக்குப் பின்னால் இருவரும் ஒளிந்துகொண்டோம்.

பறவைக்கு முன்னால் வந்தவர், வேலிக்கு உள்ளே ஓரமாகத் துப்பாக்கியோடு காவல் சுற்றும் மலாய்க்காரர்.

"நாசி சியாப்பா?" யாருக்கு இந்தச் சோறு என்று அதட்டினார்.

"புரோங் பூன்யா, பாங்," என்றீர்கள். பறவையின் சோறாம், அண்ணே என்று வேறு!

அவர் நம்பவில்லை. ஸ்டேஷனுக்கு நட என்று கையைக் காட்டினார். நீங்களோ சந்தைக்கடையில் கற்ற உங்கள் பாசார் மலாயில், கொஞ்சம் பொறுங்கள், இப்போது வந்துவிடும், பார்த்துவிட்டே போகலாம் என்று அவரையும் புடவைக்குப் பின்னால் கூப்பிட்டீர்கள். அவரும் வந்து நின்றார். எப்படி நின்றார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பறவை வந்தது. கேமரா 'டிக்' என்றது. அவர் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. பிறகுதான் வேலியும் காவல் கொட்டகையும் படத்தில் விழுந்திருக்குமே என்று அவருக்கு உறைத்தது; கேமராவைக் கொடு என்று கையை நீட்டினார். அந்தப் படம் மேலிடத்துக்குப் போனால் டிரெசரின் வேலை போகும், நீங்களும் உள்ளே போவீர்கள். கேமராவைத் திறந்து, படச்சுருளை உருவி, உச்சி வெயிலில் நீட்டிப் பிடித்தீர்கள். அவர் துப்பாக்கிக் கட்டையைக் கம்பிக்கு நடுவே விட்டு, மிச்சச் சோற்றை அந்தப் பக்க வாய்க்காலில் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏம்மா அழுவுற? படம் போனா போவுது. நாமதான் பாத்துட்டோம்லா?"

"நான் எங்கக்கா பாத்தேன்? துப்பாக்கியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

உங்கள் முகம் வாடிப்போனது. படம் போனதற்குக்கூட அப்படி வாடவில்லை. அங்கேயே கொடிக்கடியில் உட்கார்ந்து எனக்குச் சொல்ல ஆரம்பித்தீர்கள். வெள்ளை நெஞ்சு. வாலுக்கடியில் செங்கல் நிறம். பின்னாலேயே கரிக்கட்டைபோல் மூன்று குஞ்சுகள். சோற்றைத் தான் தின்னாமல் குஞ்சின் வாயில் வைத்தது. "அம்மாவுக்கு வெள்ள நெஞ்சு, குஞ்சு முழுக்கக் கறுப்பு. எப்பம்மா வெளுக்கும்?" என்று அதிலும் ஒரு கேள்வி.

நீங்கள் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கானாங்கோழிகளையும் எவ்வளவோ பார்த்துவிட்டேன், அக்கா. ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அன்று நான் பார்க்காமல் விட்டது மட்டும், மூன்று குஞ்சுகளோடு, இன்னும் என் கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது.