தோளில் விழுந்த பள்ளம்

ஜனவரி 9
இன்றும் இரண்டு பேருக்கு மறுபடி குத்த வேண்டியதாயிற்று. விரலுக்கு நரம்பே தட்டுப்படவில்லை. வலது கை மரத்துக் கிடக்கிறது. ஒரு பெரியவர், "கத்துக்குட்டிய உக்கார வெச்சிருக்காங்க" என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னார். எத்தனையோ வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். கத்துக்குட்டியாம்!

ஜனவரி 15
லேப் மேனேஜர் கூப்பிட்டார். "கை சரியாகற வரைக்கும் ரிசப்ஷன்ல இருங்கம்மா." அங்கே போய் உட்கார்ந்தவர்கள் யாரும் எழுந்து வந்து நான் பார்த்ததில்லை. பெயர் என்ன, வயது என்ன, வெறும் வயிறா — இதைக் கேட்கவா படித்தேன்?

பிப்ரவரி 2
எலும்பு டாக்டர். கழுத்து ஸ்கேனில் ஒன்றுமில்லை. "வெயிட்டக் குறைங்க" என்றார், என் நெஞ்சுப் பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று சுவரைப் பார்த்து. தொட்டுப் பார்த்ததெல்லாம் காலருக்கு மேலேதான். மனுஷருக்கு அத்தனை கூச்சம்.

பிப்ரவரி 3
மாத்திரை. தூக்கம். கை அப்படியே.

பிப்ரவரி 20
பிசியோதெரபிக்குப் போனேன். என்னைவிடச் சின்னப் பெண். சட்டையைக் கழற்றச் சொன்னாள். "என்னக்கா, தோள்ல இப்படிப் பள்ளம் விழுந்திருக்கு?"

தினமும் பார்க்கிற தோள்தான். எல்லாருக்கும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பிரா பட்டை இப்படி அழுத்தினால் கை மரத்துப்போகலாமாம். "பிரா என்ன சைஸ்?" என்றாள். முப்பத்திரண்டு என்றேன். "யார் அளந்தா?"

யாரும் அளக்கவில்லை. வயதுக்கு வந்த புதிதில் அம்மா வாங்கி வந்த நம்பர் அது. அப்புறம் நானே கடைக்குப் போக ஆரம்பித்தும் அதையேதான் முணுமுணுத்துவிட்டு, கவரைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடி வருகிறேன். செருப்பைக்கூட நாலு ஜோடி மாட்டி நடந்து பார்த்துத்தான் வாங்குவேன்.

பிப்ரவரி 22
பிசியோதெரபிப் பெண் சொன்ன கடையில் ஒருத்தி டேப் வைத்து அளந்தாள். முப்பத்தாறு, டி கப். சண்டைக்கே போய்விட்டேன். "மாட்டித்தான் பாருங்களேன்" என்றாள். மாட்டினேன். கையைத் தூக்கினால் அடிப்பட்டை மேலே ஏறவில்லை. தோள்மேல் பட்டைக்கு அடியில் விரல் நுழைகிறது. மூச்சை முழுசாக இழுக்க முடிகிறது.

டிரையல் ரூமிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமெல்லாம் இல்லை. ஆத்திரம்.

மார்ச் 1
அம்மா துணி மடிக்கும்போது புதுசை எடுத்துப் பார்த்தாள். "இதப் போட்டா தூக்கிட்டுத் தெரியும்டி."

"அளவே தப்பும்மா. சின்னதப் போட்டுப் போட்டுத்தான் கை இப்படி ஆச்சு."

"சின்னதுன்னு தெரியும்."

"என்ன தெரியும்?"

"தெரிஞ்சுதான் வாங்கினேன். அந்த வயசுலயே தெருவுல அத்தனை பேரும் பார்த்தானுங்க. அமுக்கி வெச்சா தெரியாதுன்னு... நான் வேற என்னடி பண்ணுவேன்?"

விவரம் இல்லாமல் செய்திருப்பாள் என்று மன்னிக்கத் தயாராக இருந்தேன். தெரிந்தே செய்தாளாம்! பார்த்தவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை இறுக்கிக் கட்டிவிட்டாள். அப்ப என் உடம்பு உனக்கு என்னம்மா, திருட்டுப் பொருளா? இதை அவளிடம் கேட்கவில்லை. இங்கேதான் எழுத முடிகிறது.

மார்ச் 2
பேசவில்லை. அவளும்.

ஏப்ரல் 11
பிசியோதெரபியில் சொன்ன பயிற்சியை விடாமல் செய்கிறேன். மரப்பு குறைந்திருக்கிறது. லேபில் கூட வேலை செய்கிறவள் தைரியமாகக் கையை நீட்டினாள். முதல் குத்திலேயே ரத்தம் வந்துவிட்டது. மேனேஜர் "பார்க்கலாம்" என்றார்.

மே 19
பழைய நாற்காலிக்குத் திரும்பி ஒரு வாரம். இன்று அம்மா சர்க்கரை டெஸ்டுக்கு வந்தாள். வரிசையில் நின்று, என் முன்னால் உட்கார்ந்து, கையை நீட்டினாள். நரம்பு உடனே கிடைத்தது.

அவள் ஊசியைப் பார்க்கவில்லை. நான் ஊசியை உருவியதும் மற்றக் கையால் என் லேப் கோட்டை இழுத்து மேல் பட்டனைப் போட்டாள். "எல்லாரும் பார்க்கறாங்கடி."

பஞ்சை வைத்து, "அழுத்திப் பிடிச்சுக்கோ" என்றேன். பட்டனைக் கழற்றினேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.