லோகநாயகி அம்மா வைத்த பரீட்சை

அம்மாவுக்கு ஸ்வாதியின் வணக்கம். உன் கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம்.

இன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை! நெமிலிச்சேரியில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் தான் சேரலாமா என்று பார்க்க லோகநாயகி அம்மா வந்தார். ஆவடி தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவராம். தோட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குளியலறைக் கைப்பிடியில் தொங்கிப் பார்த்தார். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தார். கடைசியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஊடு கெட்டியாத்தான் கீது. நீ எத்தினி நாளு இருப்பே? ஆளு மாறிகினே இருந்தா எனக்கு ஆவாது."

"இருப்பேன்மா" என்றேன். உடனே சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்!

பொங்கலோடு வேலையை விட்டு வருவதாக உன்னிடம் சொன்னதும் இதே வாய்தான். கோபிக்காதே அம்மா. மாத்திரை கொடுக்கும் நேரம், ஓடுகிறேன். எலுமிச்சை ஊறுகாய் சின்ன பாட்டில் போதும் என்றேனே, பெரியதாகவே அனுப்பு.

ஸ்வாதி