கூப்பிட ஒரு பேர்

திருமயம்
9.1.2025

என் பிரியமுள்ள மாமாவுக்கு,

பயப்படாமல் படியுங்கள். நமக்குப் பெண் பிறந்திருக்கிறாள். எட்டாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முகாமில் டவர் இல்லாததால் கடிதம்தான் வழி. இது மலை ஏறி வருவதற்குள் இங்கே என்னென்ன ஆகுமோ தெரியவில்லை.

பிள்ளை காலில் கட்டிய சீட்டில் 'ரம்யா குழந்தை' என்றுதான் இருக்கிறது. உங்க அப்பா, "குப்பம்மான்னு வைப்போம்த்தா. குப்பையில போட்டு எடுத்த பிள்ளைய எமன் திரும்பிப் பாக்க மாட்டான்" என்கிறார். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் போன தடவை வயிற்றில் இருக்கும்போதே முகிலன், முகிலன் என்று கூப்பிட்டோம். பிள்ளை போன பிறகு அந்தப் பேர் மட்டும் வீட்டில் மிச்சம் இருந்ததே மாமா. சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
ரம்யா

லடாக்
24.1.2025

அன்பு ரம்யா,

கடிதத்தை நின்றபடியே படித்தேன். லீவு கேட்டிருக்கிறேன். பனியில் பாதை மூடிக் கிடக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பாவிடம் சொல்லிவிடு, என் மகள் குப்பை இல்லை. எனக்கு முன்னால் பிறந்தவை இரண்டும் தங்கவில்லை என்று எனக்குப் பிச்சை என்று வைத்தார். நம்மூர் ஸ்கூலில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதெல்லாம் பையன்கள் கையேந்திக் காட்டுவார்கள். பத்தாம் வகுப்புக்கு முன்பு அலையாய் அலைந்து வெற்றிசெல்வன் என்று மாற்றினேன்.

அவளுக்கு ஆதிரை என்று வை. இந்த மாதத்தில் வானத்தில் சிவப்பாகத் தெரியுமே, அந்த நட்சத்திரம். வேறு எந்தப் பேரையாவது அவள் காதில் சொன்னால் நான் ஊருக்கே வரமாட்டேன்.

வெற்றிசெல்வன்

புதுக்கோட்டை
8.2.2025

மாமா,

கோபப்படாமல் படியுங்கள். உங்கள் கடிதம் வந்த அன்றே பிள்ளைக்கு முடியாமல் போய்விட்டது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். மூச்சு விட்டு விட்டு நின்றது. நர்ஸ் கார்த்திகா என்னை உள்ளே கூப்பிட்டு, "தொட்டுக்கிட்டே பேசுங்கக்கா. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. ஒங்க குரல் அதுக்குத் தெரியும்" என்றாள்.

ஆதிரை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அது வானத்தில் இருப்பதாயிற்றே, அங்கேயே போய்விடுவாளோ என்று நாக்கு எழவில்லை. குப்பை என்றும் சொல்லவில்லை. "பிச்சை, பிச்சை" என்றேன். உங்கள் வீட்டில் பிழைத்த பிள்ளையின் பேர் எனக்கு அது ஒன்றுதான் தெரியும். மூச்சு சீராகும்வரை நான் வாயை மூடவில்லை.

இப்போது குழாய் வழியாகப் பால் இறங்குகிறது. டாக்டர், "இன்னும் எதுவும் சொல்றதுக்கில்லம்மா" என்கிறார். அந்தப் பேர் சொன்னால் கண்ணைத் திறக்கிறாள் மாமா. நான் எப்படி நிறுத்துவேன்? நீங்கள் வரமாட்டீர்களா?

ரம்யா

லடாக்
23.2.2025

என் ரம்யாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. எனக்குக் கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால், மூச்சு சீரானது என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். இது உன் கைக்கு வரும்போது அவள் எப்படி இருப்பாள் என்று தெரியவில்லை.

சர்டிபிகேட்டில் ஆதிரை என்று கொடு. வீட்டில் நீ கூப்பிட்டபடியே கூப்பிடு. நாளைக்கு ஸ்கூலில் எவனாவது கையேந்திக் காட்டினால் போய்க் கேட்க நான் இருக்கிறேன். லீவு கிடைத்துவிட்டது. பாதை திறந்ததும் இறங்கிவிடுவேன்.

கூட இருக்கும் வடநாட்டுக்காரர்கள் பிள்ளைக்கு என்ன பேர் என்று கேட்டார்கள். பிச்சை என்று சொன்னேன். அர்த்தம் என்ன என்றார்கள். "கேட்டு வாங்கினது" என்றேன்.

உன்
வெற்றிசெல்வன்