அஞ்சாவது பாகத்தில் காதர் இல்லை

என் அருமை மாப்ள மைதீனுக்கு,

அஞ்சாவது பாகம் வந்துவிட்டது. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தபோதும் "ஏல, அஞ்சு வந்திச்சா?" என்று கேட்டாயே, அது வந்துவிட்டது. இந்தச் சேதியைச் சொல்லிக் குதிக்க எனக்கு வேறு ஆள் கிடையாது. அதனால் போனவனுக்கே எழுதுகிறேன்.

நன்றாயில்லை மாப்ள. சுத்த வேஸ்ட்.

நெட்டில் எல்லாரும் திட்டுகிறார்கள். கதை இழுக்கிறது, சண்டை சப்பென்று இருக்கிறது என்று ஆளாளுக்கு ஒரு குறை. விக்ரோலியில் என் ஆபீஸ் பையன்கள் மட்டும் "கிராஃபிக்ஸ் மஸ்த் ஹை பாய்" என்கிறார்கள். படம் பிரமாதமாம், கடல் தண்ணீர் அசல் தண்ணீர் மாதிரியே இருக்கிறதாம். இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. என் வயிற்றெரிச்சல் வேறு, அதை இவர்களிடம் சொன்னால் புரியாது. அவர்கள் விளையாடியது அந்தக் கம்பெனி செய்த கேம். நான் விளையாடியது நீ சொன்ன கேம்.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் விளங்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கோ.

உன் வாப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்த கேம் பெட்டி அது. தாராவியில் உங்கள் வீட்டு மேல் அறை, இரும்பு ஏணியில் ஏறி, அந்த அறைத் தரையில் இருக்கிற சதுர ஓட்டை வழியாகத் தலையை நுழைக்க வேண்டும். கிராண்ட் ரோடு பக்கம் நடைபாதையில் வாங்கிய டூப்ளிகேட் சிடி. போட்டால் ஜப்பான்காரன் பேசுகிறான், எழுத்தும் ஜப்பான் எழுத்து. கன்னத்தில் தழும்போடு ஒருவன் கத்தியைத் தூக்கிக்கொண்டு தீவு தீவாகப் போகிறான், கூடவே ஒற்றைக்கண் ஒல்லிப்பயல் ஒருவன் படகு ஓட்டுகிறான். யாரைத் தேடுகிறார்கள், எதற்காகச் சண்டை, ஒரு மண்ணும் விளங்கவில்லை.

நீ அப்போதுதான் பேக் தைக்கிற வொர்க்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். உன் விரலில் எந்நேரமும் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் பிசுபிசுக்கும். பட்டன் ஒட்டிக்கொள்ளும் என்று உன்னை ஜாய்ஸ்டிக்கைத் தொட விடமாட்டேன். சும்மா உட்கார்ந்திருந்தால் உனக்கு வாய் அடங்குமா? டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு நீயே பேச ஆரம்பித்தாய்.

தழும்புக்காரன் தொரை ஆனான். ஒற்றைக்கண்ணன் காதர் ஆனான். எதிரி ராஜா, தீவுகளை எல்லாம் இடித்துவிட்டு டவர் கட்ட வந்த பில்டர் சேட் ஆனான். அவன் வாயைத் திறந்தாலே "காலி கரோ, காலி கரோ" தான், இடத்தைக் காலி பண்ணு என்று. தொரை திருநெல்வேலித் தமிழில் வீர வசனம் பேசுவான். காதருக்கு உலகத்தில் ஒரே கவலை, சோறு. பேய் துரத்தினாலும் படகு முழுகினாலும் "சோறு ஆச்சா?" என்று கேட்பான். நீ அதை அடித்தொண்டையிலிருந்து கத்துவாய். கீழே அடுப்படியில் நிற்கிற உன் உம்மா நிஜமாகவே பதில் கொடுப்பாள்: "ஆச்சுலே, ரெண்டு பேரும் எறங்கி வாங்க!"

அப்படித்தான் நமக்கு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு. உன் வொர்க்ஷாப்புக்கு அன்றைக்கு லீவு, ஜும்மா தொழுதுவிட்டு வந்துவிடுவாய். நான் வேலைக்குப் போன பிறகு ஆபீசில் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டுச் சண்டை போட, நான் ஒருத்தன் வெள்ளிக்கிழமை கேட்டு வாங்கினேன். நான் தொழப் போகிறவன் என்று மேனேஜர் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் எனக்கு லீவு வெள்ளிதான். மாற்றச் சொல்லிக் கேட்க மனசு வரவில்லை.

நாலு பாகம் அப்படியே முடித்தோம். நாலாவதின் கடைசியில் காதர் மட்டும் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போகிறான், தொரை கரையில் நிற்கிறான். ஜப்பான்காரன் அங்கே என்ன சொன்னானோ, நீ சொன்னது இது: "தொரை, சோத்த வடிச்சு வையி. ஒரு எட்டு போய்ட்டு வந்திருதேன்." அதோடு திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. எங்கேலே போறான் என்று கேட்டேன். "அஞ்சுல சொல்லுதேன்" என்றாய். கம்பெனிக்காரன் அதற்குப் பிறகு வருஷக்கணக்காக மூச்சு விடவில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் உனக்குக் காமாலை வந்துவிட்டது.

இப்போது செம்பூரில் என் வீட்டில் பெரிய டிவி, புதுப் பெட்டி எல்லாம் இருக்கிறது. என் பெண்டாட்டி வள்ளி வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் ஆசை ஆசையாகப் போட்டேன். இந்தத் தடவை இந்தியில் பேசுகிறார்கள் மாப்ள. முதல் முறையாக எல்லாம் விளங்கியது, விளங்கியதுதான் வினை. தொரைக்கு வாயில் நுழையாத ஒரு பெயர். பில்டர் சேட் வில்லனே இல்லையாம், தொரையைப் பெற்ற தகப்பனாம். அதைக்கூட விட்டுத்தள்ளு. காதரைக் காணோம். முதல் தீவில் வருவான், அடுத்த தீவில் வருவான் என்று பார்த்துக்கொண்டே போனேன். தொரையே படகை ஓட்டுகிறான்.

பாதிக் கதைக்கு மேல் ஒரு சாராயக் கடையில் எவனோ ஒருத்தன், உன் பழைய கூட்டாளி எங்கே என்று தொரையைக் கேட்கிறான். தொரை தலையைக்கூடத் திருப்பவில்லை. "வோ தோ கப் கா மர் கயா" என்கிறான். அவன் எப்பவோ செத்துட்டான். அவ்வளவுதான், அடுத்த ஊருக்கு எந்த வழி என்று விசாரிக்கப் போய்விட்டான்.

ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு சாவுக்கு ஒரே ஒரு வசனமா? எப்படிச் செத்தான், எங்கே அடக்கினார்கள், இவன் அழுதானா, ஒன்றும் கிடையாதா? நாலு பாகம் கூடவே வந்தவன் மாப்ள அவன். சாயங்காலம் வள்ளி வந்து, "என்ன, யாரோ செத்தாப்ல மூஞ்ச வச்சிருக்கிய? கேம்தான?" என்றாள். ஆமா, கேம்தான் என்றேன். உன்னை அவளுக்குத் தெரியும். ஏணிக்கு மேலே நடந்தது தெரியாது. அதைச் சொல்வதென்றால் உன் குரலில் சொல்ல வேண்டும், அது எனக்கு வராது.

தனியாக இருக்கிறது மாப்ள. வீட்டில் ஆள் இருக்கிறது, டிரெயினில் நெஞ்சு நசுங்குகிற கூட்டம் இருக்கிறது, ஆபீசில் நாள் முழுக்கப் பேச்சுதான். ஆனாலும் ஒரு கேம் நன்றாயில்லை என்று உட்கார்ந்து திட்டுவதற்கு ஒருத்தன் இல்லை. இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பார்கள். எனக்குக் குறைதான்.

இரண்டு நாள் கழித்து உம்மா போன் செய்தாள். உன் தங்கச்சி எங்கேயோ கேள்விப்பட்டு அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

"ஏல இசக்கி, அந்தப் புதுப் பாகம் வந்துட்டாமே? வெள்ளிக்கெழம கொண்டுட்டு வா. காதர் திரும்பி வந்தானா இல்லியான்னு தெரியாம எனக்கு ஒரு மாதிரியாவே கெடக்கு."

உம்மா ஒருநாளும் ஏணி ஏறியதில்லை, முட்டி வலி. அந்தத் திரையை அவள் பார்த்ததே கிடையாது. அவளைப் பொறுத்தவரை அது கேம் இல்லை, வெள்ளிக்கிழமை தோறும் மேலே இருக்கிற ஓட்டை வழியாக மகன் குரலில் வந்த கதை. அவளிடம் போய் நான் என்ன சொல்வேன்? வந்துட்டான் என்றா? இல்லை, செத்துட்டான் என்றா? அதுவும் அவளிடமா?

போனேன். நீ எனக்குத் தைத்துக் கொடுத்த தோல் பையில் பெட்டியை வைத்துக்கொண்டு போனேன். அந்தப் பையில் ஒரு தையல்கூட இன்னும் விடவில்லை. உங்கள் சந்தில் எல்லாக் கதவிலும் சர்வேக்காரர்கள் பெயிண்டால் நம்பர் எழுதியிருக்கிறார்கள், உங்கள் கதவிலும்தான். எல்லாவற்றையும் இடித்துவிட்டு டவர் கட்டப்போகிறார்களாம். பில்டர் சேட் நிஜமாகவே வந்துவிட்டான். நீ இருந்திருந்தால் அன்றைக்கு முழுக்க அவன் குரலில்தான் பேசியிருப்பாய்.

உம்மா உலை வைத்துவிட்டு ஏணியடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "மேல போ. நல்லா சத்தமா சொல்லு, காது முன்ன மாதிரி இல்ல" என்றாள்.

மேலே போய்ப் பார்த்தால், உன் பழைய டப்பா டிவியில் இந்தப் பெட்டியின் ஒயரைச் சொருக இடமே இல்லை. பின்னால் கையை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தேன், கையில் தூசிதான் வந்தது. கீழேயிருந்து "ஆரம்பிச்சாச்சா?" என்று குரல் வந்தது. ஆச்சு உம்மா என்று சொல்லிவிட்டேன். எரியாத டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பட்டன் சத்தமாவது கீழே கேட்கட்டும் என்று ஜாய்ஸ்டிக்கைத் தட்டிக்கொண்டே கதை சொல்ல ஆரம்பித்தேன்.

எவ்வளவு கஷ்டம் மாப்ள அது. நீ எப்படித்தான் மணிக்கணக்காகப் பேசினாயோ. தொரையைக் கரையில் நிறுத்தினேன். அலை வந்தது, காற்று வந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பில்டர் சேட்டைக் கூப்பிட்டு "காலி கரோ" சொல்ல வைத்தேன், எனக்கே சகிக்கவில்லை. கடைசியில் துணிந்து படகைக் கொண்டுவந்துவிட்டேன்.

"உம்மா, படகு தெரியுது! காதர்தான்! எறங்கிட்டான், தொரையக் கட்டிப்பிடிச்சு அழுதான். 'நண்பா, உன்ன நெனைக்காத நாளே இல்ல'ன்னு சொல்லுதான்!"

கீழே உலை கொதிப்பது மட்டும் கேட்டது. அப்புறம் உம்மா சொன்னாள்.

"இது காதர் இல்லலே."

"ஏன் உம்மா?"

"அவன் அழுவானா? நண்பாங்கானாம்லா. கடல்லேருந்து எறங்குனவன் மொதல்ல என்ன கேப்பான்? அதக் கேக்கவே இல்லியே. நீ வேற எவனையோ கூட்டிட்டு வந்து நிப்பாட்டிருக்க. அனுப்பிரு அவன."

சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கம்பெனிக்காரனை நான் திட்டினேனே, அதே திட்டு எனக்கும் விழுந்தது. என் அஞ்சாவது பாகமும் ஊத்திக்கொண்டது. அவன் ஒரு கூட்டத்தையே வைத்துக்கொண்டு சொதப்பினான், நான் ஒத்தையாளாகச் சொதப்பினேன். அவன் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

படகைத் திருப்பி அனுப்பினேன். "உம்மா, அது காதர் இல்ல, யாரோ மீன்காரன். தொரை இன்னும் கரையிலதான் நிக்கான்" என்றேன்.

"நிக்கட்டும். போனவன் மெதுவாத்தான் வருவான். நீ அவசரப்படாத."

அவளுக்குத் தெரியாதா மாப்ள? உன்னைத் தூக்கிக்கொண்டு நாங்கள் கபரஸ்தானுக்குக் கிளம்பியபோது, சந்து திரும்புகிறவரை வாசலில் நின்று பார்த்தவள் அவள். தெரிந்துதான் சொல்கிறாள். எனக்கு அதற்கு மேல் கதை நகரவில்லை. கீழேயிருந்து மீன் ஆணம் கொதிக்கிற வாசனை ஓட்டை வழியாக ஏறி வந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, அடித்தொண்டையிலிருந்து ஒரு கத்துக் கத்தினேன்.

"சோறு ஆச்சா?"

என் குரல்தான், உன் குரல் மாதிரி துளிகூட இல்லை. உம்மா ஆனால் யோசிக்கவே இல்லை.

"ஆச்சுலே, ரெண்டு பேரும் எறங்கி வாங்க!"

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே காதில் விழுந்திருக்கும். கொஞ்ச நேரம் ஓட்டைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் மேலேயே இருந்தேன். பிறகு ஏணியில் இறங்கினேன். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, எனக்குச் சோறு போட்டாள். கிளம்பும்போது, "வர்ற வெள்ளிக்கெழம கொஞ்சம் நல்லா சொல்லு" என்றாள்.

அஞ்சுல சொல்லுதேன் என்றாயே, காதர் எங்கேதான் போனான் மாப்ள? நீ மனசில் ஏதாவது வைத்திருந்தாயா, இல்லை அப்போதைக்கு வாயில் வந்ததைச் சொன்னாயா?

எதுவானாலும் சரி. கம்பெனிக்காரன் ஆறு போடட்டும், ஏழு போடட்டும், அது அவன் பாடு. நான் வெள்ளிக்கிழமை தோறும் அந்த ஏணியில் ஏறுவேன். காதரைக் கரைக்குக் கொண்டுவரவும் மாட்டேன், சாகவும் விடமாட்டேன். உங்கள் சந்து வீடுகளை இடித்து உம்மாவை ஏதாவது டவரில் கொண்டுபோய் வைத்தால், அங்கே ஏணி இருக்காது, பக்கத்து அறையில் உட்கார்ந்து கத்துவேன். உனக்குப் பதிலாகச் சோறு கேட்க ஒரு ஆள் இருப்பான், உம்மா கூப்பிடுகிறவரை இருப்பான். இது உன்மேல் சத்தியம்.

கரையில் நிற்கிற
உன் மாப்ள
இசக்கி